சீனியர்கள் போன பிறகு அணியை எப்படிக் கட்டுவது? சேலம் கல்லூரிக் கால்பந்து அணிகளின் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் எல்லா மைதானங்களிலும் ஒரே பேச்சுதான்: "அவங்க இருந்தப்ப ஜெயிச்சோம், இப்ப யாரை வெச்சு ஆடறது?" சேலத்தில் கல்லூரி அணிகளோடு மாலைப் பயிற்சியில் நிற்கிறவன் என்பதால், கேப்டன்களும் பி.டி. சார்களும் இதையே பல விதமாக என்னிடம் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஆடும் பதினொரு பேரில் ஏழு பேர் டிகிரி முடித்துப் போய்விட்டார்கள். இந்த ஒரு வருஷத்தை விட்டுவிட்டு அடுத்த வருஷத்துக்குத் தயாராகலாமா?

கூடாது. கலை அறிவியல் கல்லூரியில் படிப்பே மூன்று வருஷம்தான். ஒரு வருஷத்தை விட்டுக்கொடுத்தால், மிச்சமிருக்கும் நான்கு பேருடைய கல்லூரி ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறோம். அவர்களிடம் கேட்டுவிட்டா இந்த முடிவை எடுக்கிறோம்?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணி 1995 கோடையில் பால் இன்ஸ், மார்க் ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் ஆகிய மூன்று பெரிய வீரர்களை ஒரே நேரத்தில் விற்றது. தடையில் இருந்த கான்டோனாவும் அக்டோபர் வரை ஆட முடியாத நிலை. ஆகஸ்ட் 19 அன்று ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றதும், பையன்களை வைத்து எதையும் ஜெயிக்க முடியாது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அந்தப் பையன்கள்தான் பெக்காம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள். அந்த சீசன் முடியும்போது லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் அவர்கள் கையில்.

நம் ஊர் அணிகள் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. கோலில் ஷ்மைக்கேல், பின்னால் புரூஸ், பாலிஸ்டர், நடுவில் கீன் என்று அணியின் முதுகெலும்பு போகாமல் இருந்தது. புதியவர்களும் ஒருவருக்கொருவர் புதியவர்கள் இல்லை. பெக்காம், பட், கேரி நெவில் மூவரும் 1992இலேயே இளைஞர் கோப்பையைச் சேர்ந்து ஜெயித்தவர்கள். ஆகவே போனவர்களை எண்ணுவதற்கு முன் இருப்பவர்களை எண்ணுங்கள். கோல்கீப்பர், ஒரு ஸ்டாப்பர் (நடுவில் நிற்கும் டிஃபென்டர்), ஒரு சென்டர் மிட் (நடுக்கள வீரர்), ஒரு ஃபார்வர்ட் என்ற நேர்கோட்டில் இரண்டு பேர் மிஞ்சியிருந்தாலே கட்ட ஆரம்பிக்கலாம்.

போன ஒவ்வொருவருக்கும் பதில் யார் என்று எப்படி முடிவு செய்வது?

ஆளுக்கு ஆள் தேடுவதில்தான் பெரும்பாலான அணிகள் மாட்டிக்கொள்கின்றன. "போன கேப்டன் மாதிரி ஒருத்தன் வேணும்" என்று தேடினால் கிடைக்க மாட்டான். அவரும் ஃபர்ஸ்ட் இயரில் அப்படி இல்லையே.

ஆளை விட்டுவிட்டு அவர் செய்த வேலைகளை எழுதுங்கள். சென்டர் மிட் ஒருவர் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லெஃப்ட் பேக் (இடது ஓர டிஃபென்டர்) மேலே ஏறிப் போனால் அந்த இடைவெளியில் வந்து நின்றது அவர். கடைசி இருபது நிமிஷத்தில் எல்லோரும் மூச்சு வாங்கும்போது பந்தைக் காலில் வைத்து ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்தது அவர். கார்னர் அடித்ததும் அவர். ஸ்டாப்பர் பந்தை வாங்கும் நேரத்தில் "மேன்!", "டைம்!" என்று கத்தி, பின்னால் ஆள் வருகிறானா இல்லையா என்று சொன்னதும் அவர். இந்த நான்கு வேலைகளையும் ஒரே பையன் தலையில் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கார்னரை ரைட் விங் எடுக்கலாம். இடைவெளியை அடைக்கும் வேலையை லெஃப்ட் ஸ்டாப்பருக்குக் கொடுக்கலாம். கத்துவது கோல்கீப்பர் பொறுப்பு.

போன வருஷ மேட்ச் வீடியோ இருந்தால் உட்கார்ந்து பாருங்கள். இல்லையென்றால், இந்த வருஷமாவது கல்லூரி மொட்டை மாடியிலிருந்து ஒருவர் செல்போனில் எடுக்கட்டும். உயரத்திலிருந்து எடுத்தால்தான் பந்து இல்லாதவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும், பார்க்க வேண்டியதும் அதுதான்.

இன்னொரு விஷயம், என் அனுபவத்தில் இதுதான் முக்கியம். டிகிரி முடித்துப் போகிறவரோடு சேர்ந்து போவது இரண்டு பேருக்கு நடுவில் இருந்த பழக்கம். கோல்கீப்பருக்கும் ஸ்டாப்பருக்கும், பேக்குக்கும் அவன் பக்கத்து விங்கருக்கும், இரண்டு ஸ்டாப்பர்களுக்கும் இடையில் பேசாமலே புரிகிற ஒன்று இருக்கும். ஒருவர் போனால் மிச்சமிருப்பவரின் ஆட்டமும் சரிவது அதனால்தான். பயிற்சியை ஜோடிகளாகப் பிரியுங்கள், ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பழையவர், ஒரு புதியவர் இருக்கட்டும். விங்கரும் பேக்கும் அவர்கள் பக்கத்தில் இரண்டுக்கு இரண்டு ஆடட்டும். ஸ்டாப்பர்கள் இருவரும் ஒரு கோல்கீப்பரோடு சேர்ந்து மூன்று ஃபார்வர்டுகளைத் தடுக்கட்டும். பதினொரு பேரும் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை வாரத்தில் ஒரு நாள் வைத்தால் போதும்.

இந்த வேலையை எப்போது தொடங்க வேண்டும்?

சீனியர்கள் போவதற்கு முன்னால். ஜனவரி முதல் மார்ச் வரை, ஏப்ரல் செமஸ்டர் பரீட்சைக்குள். அந்த மாதங்களில் பெரிய போட்டி இல்லை என்று மைதானம் காலியாகக் கிடக்கும். ஃபைனல் இயர் பையன்களும் புராஜெக்ட், இன்டர்வியூ என்று வர மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள் வரச் சொல்லுங்கள். கோச் வாரக்கணக்கில் சொல்வதை, கூடவே நின்று ஆடும் சீனியர் ஒரு மணி நேரத்தில் கையைப் பிடித்துக் காட்டிவிடுவார். "கார்னர் வந்தா நீ இங்க நில்லுடா, நான் எப்பவும் இங்கதான் நின்னேன்" என்ற ஒரு வரி எந்த நோட்டிலும் இருக்காது.

அடுத்த வருஷத்து அணியை மார்ச்சிலேயே இறக்கி, போகிற சீனியர்களுக்கு எதிராக ஆட விடுவதும் நல்லது. தோற்பார்கள். எங்கே ஓட்டை என்று ஜூனுக்கு முன்பே தெரிந்துவிடும்.

ஃபர்ஸ்ட் இயர் செலக்‌ஷனில் எதைப் பார்க்க வேண்டும்?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ பையன் அந்த ஒரு வருஷம் பெரும்பாலும் பந்தையே தொடுவதில்லை. பொதுத்தேர்வு, டியூஷன், நீட் என்று வீட்டில் பூட்ஸைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் மாவட்ட அணிக்கு ஆடியவன்கூட கல்லூரிக்கு வரும்போது எடை போட்டு, மூச்சு வாங்கி நிற்பான். அவனை ஒரே ஒரு மாலை ஓட விட்டு "இவன் வேஸ்ட்" என்று எழுதினால் நஷ்டம் நமக்குத்தான்.

குறைந்தது இரண்டு வாரம் பாருங்கள். ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு என்று சின்ன ஆட்டங்கள் வையுங்கள். பந்து காலில் இருக்கும்போது எல்லோரும் அழகாகத்தான் தெரிவார்கள். பந்தை இழந்த அடுத்த மூன்று நொடியில் இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா என்று கவனியுங்கள். பாஸ் வாங்கும் முன் தலையைத் திருப்பிப் பார்க்கிறானா? அறிமுகமே இல்லாதவர்களோடு ஆடும்போது வாய் திறக்கிறானா? இடது கால்காரன் கிடைத்தால், கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் விடாதீர்கள். லெஃப்ட் பேக் இடத்துக்கு அலைகிற அணிகள் எத்தனையோ.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருபவர்களுக்கு முட்டியும் கணுக்காலும் தொடைப் பின்தசையும் சீக்கிரம் போகும். ஃபிஃபாவின் 11+ என்ற வார்ம்-அப் முறை இருக்கிறது. பதினைந்து பயிற்சிகள், சுமார் இருபது நிமிஷம், தனிக் கருவி எதுவும் வேண்டாம். காயத்தைக் குறைப்பது ஆய்வுகளில் நிரூபணமான முறை இது. மைதானத்தைச் சும்மா மூன்று ரவுண்டு சுற்றுவதை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள்.

டர்ஃபில் கலக்குகிறார்கள், பெரிய மைதானத்தில் காணாமல் போகிறார்கள். ஏன்?

சேலத்தில் இப்போது ராத்திரி விளக்குப் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்கள் (வலை கட்டிய சிறிய செயற்கைப் புல் மைதானங்கள்) நிறைய. அங்கே ஆடி வளர்ந்த பையன்களுக்குக் கால் நன்றாக ஓடும், பந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த ஆட்டங்களில் பொதுவாக ஆஃப்சைட் (டிஃபென்டர்களைத் தாண்டி முன்னாலேயே நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி) இல்லை. தலையால் முட்டுவது அபூர்வம், முப்பது மீட்டர் பாஸுக்கு இடமே கிடையாது. பந்து வலையில் பட்டுத் திரும்பியே வரும். பெரிய மைதானம் 90 முதல் 120 மீட்டர் நீளம். செம்மண் தரையில் பந்து எங்கே எகிறும் என்று தெரியாது.

டர்ஃபைத் தடை செய்யாதீர்கள். அந்தக் கால் வேலை நமக்கு வேண்டும். கூடவே நீளப் பாஸ், ஹெடர், டிஃபென்டர்கள் சேர்ந்து முன்னேறியும் பின்வாங்கியும் ஆஃப்சைட் கோட்டை ஏற்றி இறக்குவது ஆகிய மூன்றையும் மண் தரையில் தனியாகப் பழக்குங்கள். பூட்ஸ் விஷயத்திலும் கவனம் தேவை. டர்ஃப் ஷூவோடு மழை பெய்த செம்மண்ணில் இறங்கினால் வழுக்கும்.

கோல்கீப்பர் போய்விட்டார். இரண்டாவது கீப்பர் என்று யாருமே இல்லை.

இதைத்தான் முதலில் கவனியுங்கள், மற்ற இடங்களைப் பிறகு பார்க்கலாம். உயரமான பையனைப் பிடித்து நிறுத்துவது நம் வழக்கம். உயரம் உதவும், ஆனால் பயப்படாமல் முன்னால் வருகிறவன்தான் தேவை. கபடி, வாலிபால், ஹேண்ட்பால் ஆடியவர்களையும் கேட்டுப் பாருங்கள். விழுவதும் பிடிப்பதும் அவர்களுக்குப் புதிதில்லை.

புதுக் கீப்பருக்கு விதி மாற்றங்களையும் சொல்லிக்கொடுங்கள். 2019 முதல் கோல்கிக்கை நம் டிஃபென்டர் பெனால்டி ஏரியாவுக்குள்ளேயே வாங்கலாம். நீளமாக உதைக்கத் தெரியாத கீப்பருக்கு இது பெரிய வசதி. 2025 முதல் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். பதற்றத்தில் பந்தை அணைத்துக்கொண்டு நிற்கும் புதியவர்கள் இதில் மாட்டுவார்கள். பயிற்சியிலேயே ஸ்டாப்பர் சத்தமாக எண்ணட்டும்.

இனி ஒவ்வொரு வருஷமும் இரண்டு கீப்பர்கள், இரண்டு வேறு பேட்சிலிருந்து.

கோல் அடித்தவர் போய்விட்டார். இனி கோல் எங்கிருந்து வரும்?

சென்னை சிட்டி அணியை நினைத்துப் பாருங்கள். கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து 2018-19 ஐ-லீக் என்ற தேசிய லீக்கை வென்றது. அந்த சீசனில் பெட்ரோ மன்ஸி 21 கோல் அடித்தார். அடுத்த சீசனுக்கு முன் நெஸ்டர் கோர்டில்லோவும் எட்வின் வான்ஸ்பாலும் போனார்கள், சீசன் நடுவில் மன்ஸியும் ஜப்பானுக்குப் போய்விட்டார். அணியால் பட்டத்தைத் தக்கவைக்க முடியவில்லை. ஒருவர் காலில் கோல்கள் குவிந்திருந்தால் அவர் போகும்போது எல்லாமே போகும்.

கல்லூரி அளவில் இதற்கு வேகமான பதில் செட் பீஸ். கார்னர், ஃப்ரீ கிக், நீளத் த்ரோ மூன்றும் பழகினால் வரும், அதற்குப் பெரிய திறமைசாலி வேண்டியதில்லை. த்ரோவிலிருந்து நேராகப் பந்தை வாங்குபவருக்கு ஆஃப்சைட் கிடையாது. கார்னருக்கும் அப்படியே. நம் கல்லூரி ஆட்டங்களில் பாதி டிஃபென்டர்கள் இதை மறந்து ஆஃப்சைட் கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நீளத் த்ரோ போடத் தெரிந்த ஒருவன், முதல் கம்பத்தில் தலையால் தட்டிவிட ஒருவன், பின் கம்பத்துக்கு ஓடி வர இரண்டு பேர். வாரத்தில் இரண்டு நாள், பயிற்சி முடியும் நேரத்தில் கால் மணி நேரம். ஸ்டாப்பர்களும் கோல் அடிக்க ஆரம்பிப்பார்கள்.

ஆட்ட முறையை மாற்ற வேண்டுமா?

இருக்கிற ஆட்களைப் பார்த்து மாற்றுங்கள். நல்ல சென்டர் மிட் மூன்று பேர் இல்லாமல் 4-3-3 (நான்கு டிஃபென்டர், மூன்று மிட், மூன்று ஃபார்வர்ட்) ஆடுவதில் அர்த்தமில்லை. புதிய அணிக்கு 4-4-2 எளிது. யார் யாருக்குப் பக்கத்தில் என்று உடனே புரியும், நான் மேலே சொன்ன ஜோடிப் பயிற்சிக்கும் பொருந்தும்.

ஏற்காட்டில் கேம்ப் போட்டால் ஸ்டாமினா ஏறுமா?

சேலத்தில் இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை. மலைக்காற்றில் ஓடினால் ரத்தம் ஊறும், கீழே வந்தால் பறக்கலாம் என்று சொல்வார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். உயரத்தால் ரத்த அணுக்கள் கூட வேண்டுமென்றால் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல், மூன்று வாரம் போலத் தங்க வேண்டும். சேர்வராயன் மலையில் மூன்று நாள் கேம்ப் அதைச் செய்யாது.

ஆனாலும் போகச் சொல்வேன். காரணங்கள் வேறு. கீழே ஏப்ரல், மே வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது மேலே காலையும் மாலையும் இரண்டு வேளை பயிற்சி செய்யலாம். ஹாஸ்டல் பையனும் டே ஸ்காலரும், ஃபர்ஸ்ட் இயரும் ஃபைனல் இயரும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். கீழே ஒரு செமஸ்டர் முழுக்கப் பேசாதவர்கள் அங்கே இரண்டாம் நாள் ராத்திரி பேசிக்கொண்டிருப்பார்கள். அதன் பலன் ஆட்டத்தில் தெரியும்.

சில எச்சரிக்கைகள். கோடை விழா நேரத்தில் போகாதீர்கள், கூட்டமும் அறை வாடகையும் தாங்காது. மலையில் சமதள மைதானம் அரிது, பள்ளி மைதானத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் ஓடி ஏறுவோம் என்று ஆர்வப்படுவார்கள். வண்டிகள் வரும் பாதை அது. அதைவிட, இறக்கத்தில் ஓடினால் முன்தொடை தசை இறுகி இரண்டு மூன்று நாள் நடக்கவே சிரமப்படுவார்கள். ஏற்றத்தில் குறுகிய ஓட்டங்கள் போதும், இறங்கும்போது நடந்து வரட்டும். பணம் இல்லாத அணிக்கு அடிவாரத்துச் சரிவே போதுமானது.

குளிரில் பழகிவிட்டு நேராகச் சேலம் வெயிலில் மேட்ச் ஆடாதீர்கள். உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். மேட்சுக்கு முன் நடுவரிடம் தண்ணீர் இடைவேளை பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள், போட்டி விதியில் இடம் இருந்தால் கொடுப்பார்கள். உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு எல்லாம் நம்மிடம் இருக்கும்போது கலர் பாட்டில்களுக்குச் செலவு வேண்டாம்.

யாரைக் கேப்டன் ஆக்குவது?

மிச்சமிருப்பவர்களில் நன்றாக ஆடுபவரை ஆக்குவது எளிது, பல நேரம் தவறு. அவருக்கு ஏற்கெனவே சுமை அதிகம். தோற்றுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவனைத் திட்டாமல் நகர்த்தி நிறுத்தத் தெரிந்தவர் வேண்டும்.

புதிய அணிகளில் இன்னொரு தயக்கம் இருக்கும். ஃபர்ஸ்ட் இயர் கீப்பர் தேர்ட் இயர் ஸ்டாப்பரைப் பார்த்து "லெஃப்ட்ல வா!" என்று கத்தக் கூச்சப்படுவான். வெளியே அண்ணா என்று கூப்பிடுகிறவனுக்கு உத்தரவு போட வாய் வராது. இதைக் கேப்டன்தான் வாய்விட்டு உடைக்க வேண்டும்: "கோட்டுக்குள்ள வந்துட்டா நீ என்னைப் பேர் சொல்லிக் கத்து, நான் கேக்கறேன்." முதல் நாளே, எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சீனியர் ஒருவர் முகம் சுளித்தால் அங்கேயே பேசித் தீர்த்துவிடுங்கள். ராகிங் மனோபாவம் துளி இருந்தாலும் அந்த அணியில் பாஸ் போகாது.

பாதிப் பேர் டே ஸ்காலர். நாலரை பஸ்ஸை விட்டால் ஆத்தூருக்கும் எடப்பாடிக்கும் போக முடியாது.

இருக்கிற நாற்பது நிமிஷத்தைப் பந்தோடு செலவழியுங்கள். ஓட்டமும் உடற்பயிற்சியும் அவரவர் ஊரில் காலையில் செய்துகொள்ளலாம். சனிக்கிழமை காலையை முழுப் பயிற்சிக்கு வையுங்கள். சாயந்திரம் தறி ஓட்டவோ வெள்ளிப் பட்டறைக்கோ போகிற பையன்களை "டெடிகேஷன் இல்லை" என்று ஒதுக்காதீர்கள். அந்த வருமானத்தில்தான் அவன் ஃபீஸ் கட்டுகிறான். அவனுக்குக் காலை நேரம் கொடுங்கள்.

அரியர் விழுந்தவர்களுக்குப் படிக்க ஒரு சீனியரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் மேட்சுக்கு முன்பே துறைத் தலைவர் மேசைக்குப் போக வேண்டும்.

பெண்கள் அணியில் பத்து பேர்கூட மிஞ்சவில்லை. என்ன செய்வது?

விதிப்படி ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம், ஆகவே அணியைக் கலைக்காதீர்கள். தடகளத்திலிருந்தும் ஹேண்ட்பாலிலிருந்தும் ஆட்களைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சீனியர் பட்டத்தை 2018இலும் 2023இலும் வென்றிருக்கிறது, மதுரையின் சேது அணி 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஆர்வமுள்ள பெண்கள் பள்ளிகளில் இருக்கிறார்கள். பெரும்பாலும் தடை வீட்டில்தான்: பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், யார் பஸ் ஏற்றிவிடுவார்கள் என்ற கவலை. பி.டி. மேடமோ கேப்டனோ அம்மாவிடம் நேரில் போய்ப் பேசினால் பாதிச் சிக்கல் தீரும்.

முதல் மூன்று மேட்சும் தோற்றால்?

ஃப்ரெண்ட்லியில் தோற்கட்டும், அதற்குத்தானே வைக்கிறோம். நம்மைவிடப் பலமான உள்ளூர் கிளப் அணிகளோடு ஜூலையிலேயே ஆடுங்கள். பெரியார் பல்கலைக்கழகத்தின் கல்லூரிப் போட்டி என்றால் நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி அணிகளும் வரும், அங்கே போய்ப் பாடம் கற்க நேரம் இருக்காது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஸ்கோரை விட்டுவிட்டு எந்த ஜோடி உடைந்தது என்று பாருங்கள். ஒரே பக்கத்திலிருந்து மூன்று கோல் வாங்கியிருந்தால் அந்தப் பக்கத்துப் பேக்கையும் விங்கரையும் அடுத்த வாரம் முழுக்கச் சேர்த்து நிறுத்துங்கள். பதினொரு பேரையும் மாற்றினால் மறுபடி முதலிலிருந்துதான்.

இந்தக் கஷ்டம் ஒவ்வொரு வருஷமும் வராமல் இருக்க வழி உண்டா?

முழுதாகத் தவிர்க்க முடியாது, ஆனால் ஒரே பேட்சில் ஏழு பேர் என்ற நிலையைத் தவிர்க்கலாம். அணிப் பட்டியலைப் படிக்கும் வருஷப்படி எழுதிப் பாருங்கள். ஒரு பேட்ச் பாதிக்கு மேல் இருந்தால், இப்போதே கீழ் வருஷப் பையன்களுக்கு ஒவ்வொரு மேட்சிலும் இருபது நிமிஷமாவது கொடுங்கள். போட்டியில் ஐந்து மாற்று வீரர்களுக்கு அனுமதி இருந்தால் ஐந்தையும் பயன்படுத்துங்கள். 3-0 என்று முன்னிலையில் இருக்கும்போதும் சீனியர்களையே கடைசி வரை நிறுத்துவதால்தான் அடுத்த ஜூனில் ஆள் இல்லை.

பள்ளிகளுக்கும் போங்கள். மாவட்டப் பள்ளிப் போட்டிகளையும் முதலமைச்சர் கோப்பை ஆட்டங்களையும் ஒருவர் நோட்டோடு போய்ப் பார்த்து, பிளஸ் டூ பையன்களின் பெயரைக் குறித்து வரட்டும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருப்பது நிறையப் பெற்றோருக்குத் தெரியாது. சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், விண்ணப்பிக்கும் நேரத்தில் கூட இருந்து உதவுங்கள்.